ஈக்கு எத்தனை முகம் தெரியும்?

திருவிழாக் கடைகளில் விற்கும் பல பட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எதிரே நிற்பவரின் முகம் இருபது முப்பதாகப் பெருகும். ஈ இப்படித்தான் பார்க்கும் என்று சொல்லிக் குழந்தைகளிடம் அதைக் கொடுப்பார்கள். கார்ட்டூன் படங்களிலும் பூச்சியின் பார்வையைக் காட்ட இதே உத்திதான். வீட்டு ஈயின் ஒவ்வொரு கண்ணிலும் 3,000க்கும் அதிகமான நுண்ணிய லென்ஸ்கள் இருக்கின்றன. அப்படியானால் ஈக்கு ஒரு மனிதர் மூவாயிரம் மனிதராகத் தெரிவாரா? தெரிந்தால், ஓங்கி வரும் மூவாயிரம் கைகளில் எது உண்மையான கை என்று கண்டுபிடித்து அது எப்படித் தப்புகிறது?

இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் சிலர் கையில் எடுத்திருக்கிறார்கள். வடிவமைப்புக் கலை பயில்வோரும் கட்டடக் கலைஞர்களும் கூடும் பட்டறைகளில், மனிதரின் பார்வையைக் குறைத்தும், மூக்கைத் தரையோடு வைத்தும், ஒலியை அதிர்வாக மாற்றியும் பூச்சியின் உலகத்தை ஓரளவு அணிந்துபார்க்க முயல்கிறார்கள். அவற்றில் எது பூச்சிக்கு அருகே கொண்டுபோகிறது, எது பல பட்டைக் கண்ணாடியைப் போல ஏமாற்றுகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

ஜன்னலும் தேவாலயமும்

பல முகக் கதைக்கு ஒரு மரியாதையான வரலாறு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் அந்தோனி வான் லேவன்ஹூக், பூச்சிக் கண்ணின் வெளிப்படலத்தை மட்டும் உரித்தெடுத்துத் தன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு லென்ஸும் மெழுகுவர்த்திச் சுடரைத் தலைகீழாகத் தனித்தனியே காட்டியது. அவர் கண்டது சரிதான். ஆனால் அவர் லென்ஸை மட்டும் பார்த்தார். லென்ஸுக்குப் பின்னால் பூச்சி என்ன செய்கிறது என்பதைப் பார்க்க அப்போது வழியில்லை.

வியன்னாவின் சிக்மண்ட் எக்ஸ்னர் 1891ல் அந்த வழியைக் கண்டுபிடித்தார். மின்மினி ஒன்றின் முழுக் கண் வழியாக அவர் ஒரு புகைப்படம் எடுத்தார். ஜன்னல் ஒன்று, அதன் கண்ணாடியில் ஒட்டிய 'ஆர்' என்ற ரோமன் எழுத்து, வெளியே ஒரு தேவாலயம்: எல்லாம் அதில் மங்கலாக, ஆனால் ஒரே ஒரு படமாக, நேராகப் பதிந்திருந்தன.

மின்மினியின் கண் இருட்டுக்கானது; பல லென்ஸ்கள் சேர்ந்து ஒரே படத்தை வீழ்த்தும். பகலில் பறக்கும் தேனீயின் கண் வேறு வகை. அதில் ஒவ்வொரு லென்ஸுக்கும் அடியில் ஒளியை உணரும் செல்களின் கற்றை ஒன்று இருக்கிறது. லென்ஸும் கற்றையும் சேர்ந்த இந்த அமைப்பைக் கண்ணலகு என்று சொல்லலாம். கண்ணலகு தன் முன்னால் உள்ள சிறு பகுதியின் ஒளியை ஒன்றாகக் கலந்து ஒரே புள்ளியாக மூளைக்கு அனுப்புகிறது. அதற்குள் முகம் இல்லை; முகத்தின் ஒரு துணுக்கின் வெளிச்சமும் நிறமும் மட்டுமே. ஈக்களின் கண்ணில் இந்த ஏற்பாடு இன்னும் சிக்கலானது என்றாலும் முடிவு அதேதான். ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து ஒரு படம், ஒரு முகம். பல பட்டைக் கண்ணாடி விளையாட்டுப் பொருள். பூச்சியைப் பற்றி அது எதையும் கற்பிப்பதில்லை.

புலனுலகு

ஜெர்மன் மொழியில் எழுதிய உயிரியலாளர் யாக்கோப் வான் உக்ஸ்குல், ஒவ்வொரு உயிரும் தன் புலன்கள் பொறுக்கித் தரும் செய்திகளால் ஆன தனி உலகத்தில் வாழ்கிறது என்றார். அதை இங்கே புலனுலகு என்று அழைக்கலாம். அவர் அடிக்கடி எடுத்துக்காட்டியது உண்ணியை. செடி நுனியில் காத்திருக்கும் உண்ணிக்கு, பாலூட்டியின் தோலிலிருந்து வரும் பியூட்டிரிக் அமிலத்தின் வாடை, உடற்சூடு, ரோமத்தின் தொடுகை என விரல்விட்டு எண்ணும் சில அடையாளங்களே போதும். காட்டின் மீதி அனைத்தும் அதற்கு இல்லாதது போலத்தான். (உண்ணி எட்டுக்கால் இனம், பூச்சி அன்று, கருத்து இரண்டுக்கும் பொருந்தும்.)

1934ல் கியோர்க் கிரிசாட்டின் துணையுடன் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஒரு கிராமத் தெருவின் புகைப்படம் இருக்கிறது. அடுத்து அதே தெரு கரடுமுரடான புள்ளிகளாக. பிறகு ஈக்குத் தெரியும் விதமாக வெளிச்சத் திட்டுகளாக. கடைசியில் நத்தை போன்ற மெல்லுடலிக்கு இன்னும் மங்கலாக. பட்டறைகளில் இன்று கணினியில் செய்யும் முதல் பயிற்சி இதன் மறுபதிப்பே.

உக்ஸ்குல் படத்தோடு நின்றார். வடிவமைப்பாளர்கள் உடலுக்கு வந்தார்கள். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் கிறிஸ் வோப்கன், கெனிச்சி ஒகாடா இருவரும் 2008 வாக்கில் குழந்தைகளுக்கான சில கருவிகளைச் செய்தார்கள். அவற்றில் ஒன்று எறும்புக்கானது. கைகளில் நுண்ணோக்கிகள்; தலையில் கவசம். கையால் எதைத் தொட்டாலும் அது 50 மடங்கு பெருகிக் கண்முன் தெரியும். எறும்பின் உணர்கொம்பு அப்படிப் பார்ப்பதில்லை. மோந்தும் தொட்டும் அறிகிறது. ஆனாலும் கண்ணைத் தலையிலிருந்து கழற்றிக் கைக்கு மாற்றியதில் இந்தக் கருவி ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தது: அணிந்தவர் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தடவித் தேடத் தொடங்கிவிடுகிறார்.

எழுபது புள்ளிப் படம்

கருவி எதுவும் இல்லாமல், கைபேசி ஒன்றைக் கொண்டு தேனீயின் பார்வைக் கூர்மையைக் கணக்கிட முடியும். இந்த ஒன்றைச் சற்று நிதானமாகச் செய்து பார்க்கலாம்.

கண்ணின் கூர்மையைப் பாகையில் அளப்பார்கள். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலம் ஏறத்தாழ 2 பாகை. நல்ல மனிதக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். தேனீயின் அடுத்தடுத்த இரு கண்ணலகுகள் பார்க்கும் திசைகளுக்கு இடையே, கண்ணின் கூர்மையான பகுதியிலேயே, ஏறத்தாழ 1 பாகை இடைவெளி. பழ ஈக்கு அது 5 பாகை.

கைபேசியைக் கிடையாகப் பிடித்தால் அதன் முதன்மைக் கேமரா சுமார் 70 பாகை அகலத்தைப் படமெடுக்கும். எனவே அந்தப் படத்தை 70 புள்ளி அகலம், 52 புள்ளி உயரம் என்று சுருக்கினால் தேனீயின் கூர்மை கிடைத்துவிடும். ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் இருந்த படத்தில் மிஞ்சுவது 3,640. பழ ஈக்கு 14க்கு 10 போதும். மொத்தம் 140 புள்ளி.

ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவரின் முகம் தேனீப் படத்தில் ஒன்பது புள்ளி அகலம் இருக்கும். மூன்று மீட்டரில் மூன்று புள்ளி. பழ ஈயின் படத்தில் ஒரு மீட்டரிலேயே இரண்டு புள்ளிகூடத் தேறாது. மூவாயிரம் முகம் இருக்கட்டும், முழுதாக ஒரு முகமே அங்கே இல்லை.

சுருக்கிய படத்தைத் திரையில் பெரிதாக்கினால் சதுரம் சதுரமாகத் தெரியும். இந்தச் சதுரங்களின் விளிம்புகள் கணினி சேர்த்தவை. தேனீக்கு அவை கிடையாது. அதன் கண்ணலகுகள் பார்க்கும் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிவதால் எல்லைகள் கலங்கித்தான் இருக்கும். ஆகவே படத்தை மேலும் ஒருமுறை மங்கலாக்க வேண்டும். மங்கலாக்கியதும் படம் முன்பைவிடத் தெளிவாகப் புரிவது பட்டறைகளில் பலரையும் வியக்கவைக்கிறது. போலி விளிம்புகள் கண்ணைத் திசைதிருப்பியது நின்றுவிடுவதே காரணம்.

இனி ஒரு பூவை எடுத்துக்கொள்வோம். பயிற்சி பெற்ற தேனீக்களை வைத்து 1996ல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, பின்புலத்திலிருந்து வெளிச்சத்தில் வேறுபடும் வட்டம் தேனீயின் கண்ணில் 5 பாகையாவது விரிந்தால்தான் அது அங்கே இருப்பதே தெரியவரும். நிறத்தால் மட்டும் வேறுபட்டால் 15 பாகை தேவை. 3 சென்டிமீட்டர் அகலமுள்ள பூ 5 பாகை விரிய வேண்டுமானால் தேனீ 34 சென்டிமீட்டர் அருகில் வர வேண்டும். நிறம் என்ற அளவில் அதை அறிய இன்னும் நெருங்கி 11 சென்டிமீட்டருக்கு வர வேண்டும். இரண்டு மீட்டரில் அந்தப் பூ ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். தோட்டத்தின் ஓரத்திலிருந்து மனிதர் ரசிக்கும் ஒற்றைப் பூ, அதே இடத்தில் பறக்கும் தேனீக்கு இல்லை. மணமும், வழியின் நினைவும், கொத்தாகப் பூத்திருக்கும் திட்டும்தான் அதை அங்கே அழைத்துவருகின்றன.

அப்படியிருந்தும் மனித முகப் படங்களைப் பிரித்தறியத் தேனீக்களைப் பழக்க முடியும் என்று 2005ல் ஏட்ரியன் டயரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். இதில் முரண் ஏதும் இல்லை. தேனீ படத்தின் அருகே பறந்து போகிறது. அருகே போனால் புள்ளிகளின் எண்ணிக்கை கூடும். தூரத்திலிருந்து நோக்குவது மனிதப் பழக்கம். நெருங்கிப் பார்ப்பது பூச்சியின் வழி.

பூச்சி ஏன் இவ்வளவு மங்கலான கண்ணோடு காலம் தள்ளுகிறது? லென்ஸ் சிறியதாகச் சிறியதாக, ஒளியின் அலைத்தன்மையாலேயே படம் கலங்கும். கூர்மையைக் கூட்ட லென்ஸ்களின் எண்ணிக்கையையும் அளவையும் சேர்த்தே பெருக்க வேண்டும். மனிதருக்கு இன்றுள்ள கூர்மையோடு, பூச்சியைப் போலப் பல லென்ஸ்கள் சேர்ந்த ஒரு கூட்டுக்கண் வேண்டுமென்றால் அதன் குறுக்களவு குறைந்தது ஒரு மீட்டர் இருக்கும் என்று 1976ல் குனோ கிர்ஷ்ஃபெல்ட் கணக்கிட்டார்.

ஒரு நொடிக்குள் எத்தனை

எழுபது புள்ளிப் படத்தில் இனம்தெரியாமல் கிடந்த திட்டு, அதையே வீடியோவாக ஓட்டினால் நடந்துபோகும் ஆளாக மாறிவிடும். அசைவு வந்ததும் மங்கல் பெரிய குறையாக இருப்பதில்லை. கையிலிருந்து ஈ தப்பும் ரகசியமும் இங்கேதான்.

மினுக்கும் விளக்கு தொடர்ந்து எரிவதாகத் தோன்றத் தொடங்கும் வேகம் மனிதருக்கு நொடிக்கு ஏறத்தாழ 60. வேகமாகப் பறக்கும் ஈக்களுக்கு அது 250ஐ ஒட்டி இருக்கிறது. பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகிறது. அடியில் படிப்பவருக்கு அது சீரான வெளிச்சம். அங்கே சுற்றும் ஈக்கு ஓயாத மினுக்கல். நொடிக்கு 24 படம் ஓடும் சினிமா, ஈக்குத் தனித்தனிப் படங்களின் வரிசை.

கைபேசிகள் பலவற்றில் நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இருக்கிறது. தற்செயலாக அது ஈயின் வேகத்துக்கு அருகில் அமைந்துவிட்டது. தாழ்ந்துவரும் கையை அதில் பிடித்து, நான்கு மடங்கு மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஈக்குக் கிடைக்கும் அவகாசம் புரியும். அதற்காக ஈக்குக் காலமே மெதுவாகப் போவதாகச் சொல்லிவிடக் கூடாது. ஒரு நொடிக்குள் அது பிரித்தறியும் மாற்றங்கள் அதிகம் என்பது மட்டுமே அளந்தறிந்த உண்மை.

கண் வேகமாக இருந்தால் போதாது, கால்களும் வேண்டும். 2008ல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் க்வினெத் கார்டு, மைக்கேல் டிக்கின்சன் இருவரும் பழ ஈக்களை அதிவேகக் கேமராவில் பதிவுசெய்தார்கள். ஆபத்து எந்தத் திசையிலிருந்து வந்தாலும், இறக்கை அசையும் முன்பே ஈ தன் கால்களை நகர்த்தி, எதிர்த்திசையில் தாவத் தோதாக நின்றுகொள்கிறது. ஈ இருக்கும் இடத்தைவிட அது தாவப்போகும் இடத்தை நோக்கி அடிப்பதே பலன் தரும்.

தரையில் மூக்கு

மனித மூக்கு மட்டமானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெர்க்லியில் நோம் சோபலின் ஆய்வுக்குழு இதைச் சோதித்தது. புல்தரையில் 10 மீட்டர் நீளத்துக்குச் சாக்லேட் வாசனை எண்ணெயில் தோய்த்த நூலைப் பதித்தார்கள். கண்ணையும் காதையும் அடைத்து, கைக்குக் கனத்த உறை மாட்டி, பங்கேற்றவர்களைத் தவழவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் மூக்கை மட்டுமே நம்பித் தடத்தின் கடைசிவரை போனார்கள். சில நாள் பயிற்சிக்குப் பிறகு வேகம் கூடியது. ஒரு நாசியை அடைத்தபோது தடத்தைப் பிடிப்பது கடினமானது.

இந்தக் கடைசி முடிவுதான் எறும்போடு இணைப்பு. வேதித் தடத்தில் போகும் எறும்பு தன் இரு உணர்கொம்புகளுக்கும் கிடைக்கும் வாடையை ஒப்பிட்டுக்கொண்டே நடக்கிறது. ஒன்றை இழந்தாலும் தடத்தில் போகும். ஆனால் ஒரே பக்கமாக விலகி விலகித் திரும்பும். பட்டறையில் செய்ய ஏற்ற பயிற்சி இது. செலவு ஒரு கயிறும் கிராம்பு எண்ணெயும். தவழ்பவர் கொஞ்ச நேரத்திலேயே தடத்தின் குறுக்காக வளைந்து வளைந்து மோப்பம் பிடிக்கத் தொடங்குவார். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்க்க முடியாத நிறம், பார்க்க முடிகிற ஒளி

புறஊதாவில் பட்டறைகள் பெரும்பாலும் தவறிவிடுகின்றன. தேனீயின் கண்ணில் மூன்று வகை நிற உணரிகள்: புறஊதா, நீலம், பச்சை. சிவப்புக்கு ஒன்றும் இல்லை. சூரியகாந்தியின் இதழ்கள் நமக்கு முழு மஞ்சள். புறஊதாவில் நுனிகள் ஒளிர, அடிப்பகுதி கருவட்டமாகத் தெரியும். இதைச் சிறப்புக் கேமராவில் எடுத்து, புறஊதாவுக்கு ஊதா நிறம் பூசி, "தேனீக்குத் தெரியும் பூ" என்று காட்டுகிறார்கள். வடிவத்தைப் பொறுத்தவரை படம் உண்மை. நிறத்தைப் பொறுத்தவரை அது மனிதர் தீட்டிய வண்ணம். எந்த நிறத்தைப் பூசினாலும் அது தேனீ காணும் நிறமாகாது. இதைச் சொல்லாமல் படத்தைக் காட்டுவது பல பட்டைக் கண்ணாடிக்குச் சமம்.

மனித விழித்திரைக்குப் புறஊதாவை ஓரளவு உணரும் திறன் உண்டு. கண்ணின் லென்ஸ்தான் அதைத் தடுத்துவிடுகிறது. கண்புரைக்காக லென்ஸ் அகற்றப்பட்ட சிலர் அதை வெளிறிய நீலமாகக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். 1923ல் வலக்கண்ணில் அறுவை செய்துகொண்ட ஓவியர் மோனேயின் பிற்கால நீலங்களுக்கு இதுவும் காரணமாகலாம் என்பது ஒரு சுவையான ஊகம்; ஊகம் மட்டுமே.

இதற்கு நேர்மாறாக, கருவியே இல்லாமல் மனிதர் எட்டிப்பிடிக்கக்கூடிய பூச்சிப் புலன் ஒன்று இருக்கிறது. ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிரும்போது அதைத் தளவிளைவு ஒளி என்பார்கள். நீல வானத்தின் ஒளி இந்த வகை. சூரியன் மேகத்துக்குள் மறைந்தாலும் வானத்தின் ஒரு துண்டு நீலத்தைக் கொண்டே தேனீ திசையறியும் என்பதை 1949ல் கார்ல் வான் ஃபிரிஷ் வெளியிட்டார். மனிதக் கண்ணும் தளவிளைவை மிக இலேசாக உணரும் என்று வில்ஹெல்ம் ஹைடிங்கர் 1844லேயே எழுதினார். வெறும் வெள்ளையாக வைத்த எல்.சி.டி. கணினித் திரையின் நடுவே பார்வையை நிறுத்தி, தலையை இடமும் வலமும் சாய்த்தால், கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிதாக, உடுக்கை வடிவில் ஒரு மங்கலான மஞ்சள் நிழல் தெரியும். தலையை அசைக்காவிட்டால் சில நொடிகளில் மறைந்துவிடும். முதல்முறை பலருக்குத் தெரியாது; பழகப் பழகத் தெரியும்.

காட்சியும் சோதனையும்

2015ல் இங்கிலாந்தின் கிரைஸ்டேல் காட்டில் 'மார்ஷ்மெல்லோ லேசர் ஃபீஸ்ட்' என்ற கலைக்குழு, பாசி போர்த்திய தலைக்கவசங்களைப் பார்வையாளர்களுக்கு மாட்டியது. லேசரால் அளந்த அதே காடு உள்ளே கொசுவுக்கும் தும்பிக்கும் தெரிவதாகக் கற்பனை செய்த விதத்தில் புள்ளித்திரளாக விரிந்தது; முதுகில் கட்டிய கருவி ஒலியை அதிர்வாகத் தந்தது. அழகான படைப்பு. ஆனால் அணிந்தவர் அதில் பார்வையாளர் மட்டுமே; கொசு செய்யும் எந்த வேலையையும் அதைக்கொண்டு செய்ய முடியாது.

அதன் எதிரில் வைத்துப் பார்க்க வேண்டியது ஒரு சுரங்கப்பாதைச் சோதனையை. 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், இந்தியாவில் பிறந்து வளர்ந்த மாண்டயம் ஸ்ரீனிவாசனும் கூட்டாளிகளும் கோடு போட்ட இரு சுவர்களுக்கு நடுவே தேனீக்களைப் பறக்கவிட்டார்கள். தேனீக்கள் நட்ட நடுவே பறந்தன. ஒரு சுவரைத் தேனீ போகும் திசையிலேயே நகர்த்தியதும் அவை அந்தச் சுவரை நெருங்கின. இருபுறமும் காட்சி பின்னோக்கி ஓடும் வேகத்தைச் சமமாக வைத்துக்கொள்வதே அவற்றின் உத்தி. 2002ல் அமெரிக்காவில் டூஷான், வாரன் இருவரும் மெய்நிகர் தாழ்வாரத்தில் மனிதர்களை நடக்கவிட்டு ஒரு சுவரின் வேகத்தை மாற்றியபோது அவர்களும் அப்படியே ஒதுங்கினார்கள்.

பட்டறைக் கருவியை எடைபோட இது நல்ல அளவுகோல். கருவியை அணிந்தவர் பூச்சி செய்யும் ஒரு வேலையைச் செய்கிறாரா, பூச்சி தடுமாறும் இடத்தில் தானும் தடுமாறுகிறாரா என்று பார்க்கலாம். தேனீயாக இருப்பது தேனீக்கு எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு இதில் விடை கிடைக்காது. வௌவாலை வைத்துத் தத்துவவாதி தாமஸ் நேகல் 1974ல் எழுப்பிய அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான நரம்பணுக்கள் கொண்ட மூளையை எந்தத் தலைக்கவசமும் தராது.

தும்பியும் கார்க் கூரையும்

மழைக்கால வெயிலில் நிறுத்திய காரின் கூரையில் தும்பிகள் வாலால் தொட்டுத் தொட்டு எழுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பளபளக்கும் பரப்பு ஒளியைக் கிடைத்தளத்தில் அதிரவைத்துத் திருப்பி அனுப்புகிறது. தும்பிக்கு நீரின் அடையாளம் அதுவே; எனவே நீரென்று நம்பி அங்கே முட்டையிடுகிறது. தளவிளைவு வடிகட்டும் குளிர்கண்ணாடியைக் கையில் பிடித்துச் சுழற்றினால் காரின் பளபளப்பு ஒரு நிலையில் மறைந்து இன்னொரு நிலையில் திரும்பும். மறைவதும் திரும்புவதுமான அந்த வேறுபாடுதான் தும்பி படிக்கும் செய்தி.

கரிய சூரிய மின்பலகைகளும் இப்படித்தான் ஏமாற்றுகின்றன. ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத்தும் குழுவினரும் 2010ல் வெளியிட்ட ஆய்வில், நீரில் முட்டையிடும் ஒருநாள் பூச்சிகள் இந்தப் பலகைகளை நீரைவிட அதிகமாக நாடின. பலகையை மெல்லிய வெள்ளைக் கோடுகளால் கட்டம் கட்டமாகப் பிரித்தபோது வரும் பூச்சிகள் வெகுவாகக் குறைந்தன.